வன்னியனுக்கு எலி தீத்தின கதை

போன மார்கழி மழை விட்டு ரெண்டாம் நாள் காலம்பற, பின்வளவுப் பெடியன் சைக்கிளைப் படலையடியில போட்டிட்டு ஓடி வந்து "அண்ணை ஒருக்கா வாங்கோ, வெங்கிணாந்தி சாகப்போகுது போல" எண்டான். எனக்கு முதல் ஒண்டும் விளங்கேல்ல. போய்ப் பாத்தா நெல்லுப் போடுற நீலப் பீப்பாக்குள்ள ஒரு வெங்கிணாந்திக் குட்டி, மலைப்பாம்புக் குட்டி தான், ஒரு மீற்றர் அளவு இருக்கும், தலையை உடம்புக்குள்ள ஒளிச்சு வச்சுக்கொண்டு சுருண்டு கிடக்குது, முதுகில ரெண்டு இடத்தில தோல் கிழிஞ்சு சதை தெரியுது. மற்றப் பக்கத்தில ஒரு அகழான், வயல் எலி, உயிரோட குந்தியிருக்குது.

நடந்தது இதுதான். வாய்க்கால் வெள்ளத்தில அடிபட்டு வந்த குட்டியைப் பிடிச்சு, வளப்பம் எண்டு பீப்பாக்குள்ள விட்டிருக்கிறான். பாவம் பசிக்கும் எண்டு நினைச்சு, பொறியில விழுந்த அகழானை அப்பிடியே இரவு உள்ள தள்ளி மூடிப்போட்டுப் படுத்திட்டான். விடியத் திறந்தா எலியைப் பாம்பு திண்டிருக்கும் எண்டு பாத்தவனுக்கு, பாம்பை எலி கடிச்சு வச்சிருக்கிறதைத்தான் காண வேண்டி வந்தது. கண் கலங்கிப்போய் நிண்டான். அவன் கெட்ட எண்ணத்தில ஒண்டும் செய்யேல்ல, ஒரு உயிருக்குச் சாப்பாடு குடுக்கோணும் எண்டு தான் செய்தவன், அதால எனக்கு அவனைப் பேச மனம் வரேல்ல. ஆனா அண்டைக்கு அவனுக்குச் சொன்னதை வடிவா எழுதி வைக்கோணும் எண்டு அப்பவே நினைச்சனான். இப்பதான் நேரம் கிடைச்சது.

எனக்கு எப்பிடி இது தெரியும் எண்டு கேப்பீங்கள். 2022 புரட்டாசியில இருந்து அடுத்த மாசி மட்டும் லண்டனில அக்கா வீட்டில நிண்டனான், அக்காவுக்கு நாரியில ஒபரேசன், அத்தானுக்கு இரவு வேலை, உதவிக்கு ஆள் வேணும் எண்டு கூப்பிட்டவை. அங்க மருமோன் ஒரு பாம்பு வளக்கிறான். றோயல் பைத்தன் எண்டு அங்க சொல்லுவினம், அமெரிக்காவில போல் பைத்தன் எண்டுவினம், பயந்தா பந்து மாதிரிச் சுருண்டு தலையை நடுவில ஒளிக்கிற சாதி, மேற்கு ஆபிரிக்காப் பக்கத்துப் பாம்பு. அதுக்கு அவன் வச்ச பேர் வன்னியன். இங்க வன்னிக்கு ஒருநாளும் வந்து பாக்காத பெடியன், அம்மம்மா சொன்ன கதையளில இருந்து எடுத்து வச்ச பேர், அதைக் கேட்ட உடனயே எனக்கு அந்தப் பாம்பில பாசம் வந்திட்டுது. அவனுக்குப் பள்ளிக்கூடத்தில சோதினைக் காலம், அதால வன்னியன்ர சாப்பாடு என்ர பொறுப்பா வந்தது.

முதல் நாளே அவன் சொன்னது, "மாமா, உயிரோட எலி ஒருநாளும் இல்ல, செத்த எலி தான்" எண்டு. நான் கேட்டன் காட்டில பாம்பு உயிரோட பிடிச்சுத்தானே தின்னுது எண்டு. உண்மை, ஆனா காட்டில பாம்பு தனக்குப் பசிக்கிற நேரத்தில, தான் தெரிஞ்செடுத்த இடத்தில பதுங்கிக் கிடந்து பிடிக்குது, பிழைச்சுதெண்டா எலி தன்ர பாட்டில ஓடிவிடும், பாம்பும் ஒரு பத்தைக்குள்ள போயிடும். பெட்டிக்குள்ள ரெண்டுக்கும் போக்கிடம் இல்ல. எலிக்கு முன்பல்லு வாழ்நாள் முழுக்க வளந்துகொண்டே இருக்கும், எதையாவது கறண்டிக்கொண்டே இருக்கோணும், பசியும் பயமும் சேர்ந்தா பக்கத்தில கிடக்கிற பாம்பையும் கறண்டும். பசியில்லாத பாம்பு, இல்லாட்டிப் பயந்துபோன பாம்பு, திருப்பிக் கடிக்காது, அப்பிடியே கிடக்கும். ஒரு இரவுக்குள்ள முதுகெலும்பு தெரியிற அளவுக்கு எலி கடிச்ச பாம்புகளின்ர படம் அவன் காட்டினவன். அந்தப் படத்தில கண்டதைத்தான் ரெண்டு வருசம் கழிச்சு எங்கட ஊர்ப் பீப்பாக்குள்ள நேரில கண்டனான். பாம்புக்கு மட்டும் இல்ல, எலிக்கும் அது சித்திரவதை. அங்க பாம்புச் சாப்பாட்டுக்கெண்டு எலி வளக்கிற இடங்களில காபனீரொக்சைட் வாயு விட்டு மயங்கவச்சுச் சாக்காட்டி, அதுக்குப் பிறகுதான் உறைய வச்சு விக்கினம்.

அடுத்தது அளவு. இதைப் பற்றித்தான் நான் கூட எழுதப்போறன், ஏனெண்டா நான் பிழை விட்டது இதில.

கடையில போய்ச் சும்மா எலி தாங்கோ எண்டு கேக்க ஏலாது. ஒவ்வொரு வயசுக்கும் ஒவ்வொரு பேர். பிங்கி எண்டது பிறந்து ஒண்டு ரெண்டு நாளான, மயிர் முளைக்காத றோஸ் நிறக் குஞ்சு, சுண்டெலிப் பிங்கி எண்டா ஒண்டு ரெண்டு கிராம் தான் வரும். கொஞ்சம் பூனைமயிர் போட்டா ஃபஸி. கண் திறந்து துள்ளித் திரியிற வயசில ஹொப்பர். பேந்து வளந்த சுண்டெலி, அது 20, 30 கிராம். எலி எண்டது வேற சாதி, அதில பால்குடி மறந்த குட்டியை வீனர் எண்டுவினம், அதுக்கு மேல சின்னன், நடு, பெரிசு எண்டு போகும். கோர்ன் ஸ்னேக் மாதிரி மெல்லிய பாம்புக்குச் சீவியம் முழுக்கச் சுண்டெலியே காணும். றோயல் பைத்தனுக்கு அப்பிடி இல்ல, வளர வளர எலிக்கு மாத்தோணும், மாத்தாமல் விட்டா சுண்டெலியைத் தவிர வேற ஒண்டையும் திரும்பியும் பாராது, வளந்த பாம்புக்கு ஒரு தரத்துக்கு நாலு அஞ்சு சுண்டெலி தேடித் திரிய வேண்டி வரும். வாசம் பிடிச்சுப் பழகினதைத்தான் சாப்பிடும் அது. நைஜீரியாப் பக்கம் காட்டில இந்தப் பாம்புகள் என்ன தின்னுது எண்டு பாத்த ஒரு ஆய்வில, 70 சென்ரிமீற்றருக்குக் குறைஞ்சதுகள் கூடுதலாக் குருவிக்குஞ்சும், ஒரு மீற்றருக்கு மேல வளந்ததுகள் கூடுதலா எலி மாதிரிப் பாலூட்டியளும் திண்டிருக்குதுகள். வளர வளரச் சாப்பாடு மாறுறது அதின்ர இயற்கை தான்.

கண்ணால பாக்கிற கணக்கு ஒண்டு இருக்கு, பாம்பின்ர உடம்பில ஆகத் தடிச்ச இடம் எவ்வளவோ எலியின்ர வயித்துப் பக்கமும் அவ்வளவு, ஒரு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்ல. சாப்பிட்ட பிறகு வயித்தில ஒரு சின்னப் புடைப்புத் தெரியோணும், பந்தை விழுங்கினது மாதிரித் தெரியக்கூடாது. அதைவிட நல்ல வழி தராசு. சமையலறைத் தராசில ஒரு பிளாஸ்ரிக் பெட்டி வச்சு அதுக்குள்ள பாம்பை விட்டு நிறுக்கிறது, பேந்து எலியை நிறுக்கிறது. குட்டிப் பாம்பு எண்டா தன்ர நிறையில நூற்றுக்குப் பத்து, பதினைஞ்சு பங்கு, கிழமைக்கு ஒருக்கா. வளர வளரப் பங்கும் குறையோணும், இடைவெளியும் கூடோணும், வளந்த றோயலுக்கு அஞ்சு ஆறு பங்கு, அதுவும் ரெண்டு மூண்டு கிழமைக்கு ஒருக்காக் காணும். நான் போகேக்க வன்னியன் 640 கிராம், அப்ப அவனுக்கு 60 கிராம் அளவில ஒரு சின்ன எலி. மருமோன் இதெல்லாம் ஒரு கொப்பியில எழுதி வச்சிருந்தவன், திகதி, பாம்பு நிறை, எலி நிறை, சாப்பிட்டதா இல்லையா, தோல் கழட்டினது எப்ப எண்டு.

நான் அந்தக் கொப்பியைப் பாத்தும் கேக்கேல்ல. 60 கிராம் எலியைப் பாக்க எனக்கு மனசு ஒப்பேல்ல. இவ்வளவு பெரிய பாம்பு, பத்து நாளைக்கு ஒருக்காச் சாப்பிடுது, அதுக்கு இந்தச் சின்ன எலியா எண்டு. ஒரு ஐப்பசிச் சனிக்கிழமை மருமோன் ரியூசனுக்குப் போன நேரம், பிறீசரில கிடந்ததுக்குள்ள பெரிசா ஒண்டை எடுத்துக் குடுத்தன், 150 கிராம் வரும். வன்னியன் விழுங்கினவன், கனநேரம் எடுத்து விழுங்கினவன், எனக்குச் சரியான சந்தோசம். அடுத்த நாள் ஆக்கள் வந்தவை, அவைக்குக் காட்ட எண்டு அவனைத் தூக்கியும் வச்சிருந்தன். மூண்டாம் நாள் காலம்பற அறைக்குள்ள ஒரு நாத்தம், பெட்டியைத் திறந்தா முழு எலியையும் கக்கி வச்சிருக்கிறான், பாதி கரைஞ்சு கூழா.

பாம்பு கக்குறது எங்கட பிள்ளையள் சத்தி எடுக்கிறது மாதிரி இல்ல, அது அதுக்குப் பெரிய அடி. வயித்து அமிலம் தொண்டையைச் சுடும், உடம்புத் தண்ணி போகும், குடலில இருக்கிற நல்ல கிருமியளும் போகும், உடன திருப்பிக் குடுத்தா திருப்பியும் கக்கி, அப்பிடியே மெலிஞ்சு செத்துப்போற பாம்புகள் இருக்கு. சாப்பிட்டு ரெண்டு நாளைக்காவது தொடக்கூடாது. பெட்டியில ஒரு பக்கம் 31, 32 பாகை சூடு இருக்கோணும், பாம்புக்குச் சொந்தச் சூடு இல்ல, வெளிச்சூடு இல்லாட்டி வயித்துக்குள்ள சாப்பாடு செமிக்காமல் அழுகும். கக்கின பிறகு ரெண்டு கிழமைக்குத் தண்ணி மட்டும் வச்சுப் பேசாமல் விடோணும், பேந்து வழமையில பாதி அளவில ஒண்டு. மருமோன் என்னோட கோவிக்கேல்ல. கொப்பியில "கக்கினது, 150 கி" எண்டு எழுதிப்போட்டு வச்சிட்டான். எனக்கு அவன் ஏசியிருந்தா நல்லம் போல இருந்தது.

இப்ப எலியை எப்பிடிப் பக்குவப்படுத்துறது எண்டு. அக்கா வீட்டில முதல் பிரச்சினை பிறீசர் தான். மீனும் இறால் பக்கற்றும் கிடக்கிற இடத்தில எலியா எண்டு அக்கா ஒரே சண்டை, அது நியாயமான சண்டை, கடைசியில அத்தான் கராஜுக்குள்ள சின்னப் பிறீசர் ஒண்டு வாங்கி வச்சவர். அதுதான் சரியான வழியும் கூட. உறைய வச்சா சல்மொனெல்லாக் கிருமி சாகாது, 2010ல அமெரிக்காவில உறைஞ்ச எலியால ஆக்களுக்கு, அதுவும் பிள்ளையளுக்கு, வருத்தம் வந்து ஒரு கொம்பனியின்ர எலி முழுக்கத் திருப்பி எடுத்தவை. தனிப் பாத்திரம், தனி இடுக்கி, குசினி மேசையில வைக்கிறேல்ல, முடிய சவுக்காரம் போட்டுக் கை கழுவுறது. வெள்ளிக்கிழமை அக்கா மச்சம் மாமிசம் தொடமாட்டா, அதால சனிக்கிழமை தான் எலி நாள்.

வெள்ளி இரவே எலியைப் பையோட கராஜ் பிறிட்ஜில கீழ்த்தட்டில போடுறது, விடிய மெதுமையா இளகி இருக்கும். பின்னேரம் தண்ணி போகாத பையில கட்டி 40 பாகை அளவுச் சுடுதண்ணியில, கை வச்சாப் பொறுக்கிற சூடு, ஒரு கால்மணித்தியாலம். வயித்தை அமத்திப் பாக்கோணும், உள்ளுக்குள்ள கல்லு மாதிரி இருந்தா இன்னும் உறைஞ்சு கிடக்குது எண்டு அர்த்தம், அப்பிடிக் குடுக்கக்கூடாது. மைக்ரோவேவ் கூடவே கூடாது, ஒரு இடம் வெந்து ஒரு இடம் பச்சையா இருக்கும், வயிறு வெடிக்கும். பேந்து துடைச்சுக் காயவச்சு, தலைப்பக்கத்துக்கு மட்டும் தலைமயிர் காயவைக்கிற மெசினால கொஞ்சம் சூடு பிடிக்கிறது. அது ஏனெண்டா இந்தப் பாம்புக்கு மேல் உதட்டோரம் குழியள் இருக்கு, அதால சூட்டை உணரும், அதுக்குக் கண்ணை விடச் சூடு தான் பெரிசு. குளிர்ந்த எலி அதுக்கு வெறும் துணிப்பொம்மை தான். ஒருக்கா இளகினதைத் திருப்பி உறைய வைக்கிறேல்ல, வேண்டாம் எண்டா எறியிறது தான். எனக்கு எறிய மனமே வராது, ஆனா எறிஞ்சனான்.

பொழுதுபட்டு லைற்றைக் குறைச்சுப்போட்டு, ஒரு அடி நீள இடுக்கியால எலியை இடுப்பில பிடிச்சு, தலை முன்னால போற மாதிரி, மெல்ல மெல்ல நடக்கிற எலி போல அசைச்சுக் கொண்டுபோறது. மூஞ்சியில இடிக்கிறேல்ல. முதல் நாக்கு வேகமா வெளியில வரும், பேந்து கழுத்து எஸ் எழுத்து மாதிரி மடியும், அந்த நேரம் மூச்சையும் பிடிச்சுக்கொண்டு நிக்கோணும், கண் இமைக்க முதல் பிடிச்சிடும். கையால குடுக்கக்கூடாது, எலி வாசமும் கைச்சூடும் ஒண்டாப் போனா அது எதை எண்டு பாக்கும். பிடிச்ச உடன எலி செத்தது எண்டு தெரியாமல் அது சுத்தி இறுக்கும். முந்தி எல்லாரும் மூச்சு முட்டித்தான் எலி சாகுது எண்டு சொல்லுவினம், 2015ல போவா பாம்பு வச்சு அளந்து பாத்த ஆராய்ச்சியில இரத்த ஓட்டம் நிண்டு தான் சாகுது எண்டு கண்டவை, சில செக்கனிலயே இரத்த அழுத்தம் விழுந்திடுமாம். மருமோன் இதைச் சொல்லேக்க இடுக்கியை மெல்ல ஒருக்கா ரெண்டு தரம் அசைச்சுக் காட்டினவன், எலி இன்னும் உயிர் எண்டு நினைச்சு அது இறுக்கி, அப்பதான் வடிவாச் சாப்பிடும் எண்டு. பேந்து சத்தம் போடாமல் தூரப் போயிருக்கோணும். அது மூக்கால தடவித் தடவித் தலையைத் தேடும், தலையில தொடங்கினா மயிரும் காலும் பின்பக்கம் மடிஞ்சு வழுக்கிக்கொண்டு போகும். தாடை கழண்டு விழுங்குது எண்டு சொல்லுறது பிழை, கீழ்த்தாடை ரெண்டு பக்கமும் எலும்பால ஒட்டேல்ல, இழுபடுற நார் தான், அதால ஒருபக்கம் ஒருபக்கமா நடந்து நடந்து விழுங்கும்.

எலும்பும் ஈரலும் குடலும் எல்லாம் சேர்ந்த முழு எலி தான் அதுக்குச் சாப்பாடு. எங்கட ஆக்கள் கனபேர் கேக்கிறது, கோழி இறைச்சித் துண்டு குடுத்தாக் காணாதோ எண்டு. காணாது, எலும்பு இல்லாட்டிக் கல்சியம் இல்ல, ஈரல் இல்லாட்டி விற்றமின் இல்ல. பாலும் அப்பிடித்தான். நாகதம்பிரானுக்குப் பால் வைக்கிறது எங்கட நேர்த்தி, புளியம்பொக்கணைக் கோயிலுக்கும் புதூர்க் கோயிலுக்கும் நானும் போறனான், அது வேற விசயம், ஆனா வளக்கிற பாம்புக்குப் பால் சாப்பாடு இல்ல, அதுக்குத் தண்ணி தான் வேணும்.

கார்த்திகை நடுவில இருந்து வன்னியன் சாப்பிடாமல் விட்டிட்டான்.

முதல் கிழமை கண் நீலம் பூத்து மங்கலா இருந்தது, தோல் கழட்டப்போறான், அதால தான் எண்டு விட்டம். தோல் கழட்டினான், ஒரே சட்டையா, வால் நுனி வரைக்கும் வடிவா. அதுக்குப் பிறகும் சாப்பிடேல்ல. சனிக்கிழமை வரும், எலி இளகும், சூடாக்குவன், கொண்டுபோவன், மூக்கை ஒருக்கா நீட்டிப் பாத்திட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பான். மருமோன் சொல்லுறான் "மாமா, றோயல் குளிர்காலத்தில மாசக்கணக்கில சாப்பிடாது, நிறை குறையாட்டி ஒண்டும் இல்ல" எண்டு. எனக்கு ஏலாது. இரவில எழும்பிப் போய் ரோர்ச் அடிச்சுப் பாப்பன். வாயைத் திறந்து தீத்துவமோ எண்டு கூட ஒருநாள் கேட்டிட்டன், அவன் என்னைப் பாத்த பார்வை இப்பவும் நினைவிருக்கு.

எனக்கு ஆராவது சாப்பிடாமல் இருக்கிறதைப் பாக்க ஏலாது. 2009 பங்குனி சித்திரையில, கடைசிச் சண்டை நேரம், மாத்தளன் பக்கம் நிண்ட ஆக்களுக்கு இது விளங்கும். அரிசியும் தண்ணியும் உப்பும் போட்ட கஞ்சிக்குப் பாத்திரத்தோட வரிசையில நிண்டு, அதுவும் முடிஞ்சுது எண்டு திரும்பி வந்த நாள் இருக்கு. அம்மா அதுக்குப் பிறகு எங்கட வீட்டுப் படலைக்குள்ள வந்த ஒருத்தரையும் சாப்பிடாமல் விட்டதில்ல, நாய் பூனைக்கும் அப்பிடித்தான், நானும் அப்பிடித்தான் வந்திட்டன். 150 கிராம் எலியை நான் குடுத்ததும் அந்த ஞாபகத்தில தான் எண்டு எனக்கு அந்த மார்கழி இரவுகளில தான் பிடிபட்டது. நான் குடுத்தது வன்னியன்ர பசிக்கு இல்ல. என்ர பசிக்கு. அவனுக்கு உடம்பில ஆறு மாசத்துக்குக் காணுற கொழுப்பு இருக்கு, அவனுக்கு இது பஞ்சம் இல்ல, பருவம்.

மருமோன் எனக்கு ஒரு வேலை தந்தவன், ஞாயிறுக்கு ஞாயிறு நிறுக்கிறது மட்டும். 655, 651, 650, 646. அந்த இலக்கங்களைப் பாக்கப் பாக்கத்தான் நெஞ்சு ஆறினது. பத்தில ஒரு பங்குக்கு மேல குறைஞ்சா, இல்லாட்டி வாயில சளி, மூச்சில சத்தம் இருந்தா மிருக வைத்தியரிட்டப் போகோணும், இல்லாட்டி விடோணும். சூடு சரியோ, ஒளிக்கிற இடம் உடம்போட ஒட்டி இறுக்கமா இருக்கோ, ஆக்கள் கூடப் போய் வாறமோ எண்டு பாக்கோணும். ஒவ்வொரு நாளும் எலியைக் கொண்டு போய் ஆக்கினைப்படுத்தக்கூடாது, பத்துப் பதினாலு நாளைக்கு ஒருக்காக் காணும். ஒளிக்கிற இடத்து வாசலில இரவுக்கு எலியை வச்சிட்டு அறையைச் சாத்திப்போட்டு வாறது ஒரு வழி, செத்த எலி எண்டபடியா அதில பயம் இல்ல, விடியக் கிடந்தா எடுத்து எறியிறது. நான் மாசியில ஊருக்கு வெளிக்கிட்ட அண்டைக்கும் அவன் சாப்பிடேல்ல. 638. வந்து ரெண்டாம் கிழமை வட்ஸ்அப்பில ஒரு படம், வயித்தில ஒரு சின்னப் புடைப்பு, கீழ "மாமா 45 கி" எண்டு. நான் வயலுக்க நிண்டு அழுதிட்டன்.

சரி, இனி எங்கட இடத்துக்கு வாறன். அந்தப் பெடியன் மாதிரி நாலு பேர் இப்ப யூரியூப் பாத்திட்டுப் பாம்பு வளப்பம் எண்டு நிக்கிறாங்கள். காட்டுப் பாம்பைப் பிடிச்சு அடைச்சு வைக்கிறது இலங்கையில சட்டத்துக்கு எதிர், வெங்கிணாந்தி பாதுகாக்கப்பட்ட பாம்பு. லண்டனில விக்கிறது பெட்டிக்குள்ளயே பிறந்து, செத்த எலியில பழகி வளந்த பாம்பு. வெள்ளத்தில வந்த குட்டிக்குச் செத்த எலி சாப்பாடு எண்டே தெரியாது, மனிசரைக் கண்டா பயம், பயந்த பாம்பு சாப்பிடாது. அண்டைக்கு வனஜீவராசிகள் திணைக்கள ஒபீசுக்குக் கோல் எடுத்தம், மத்தியானத்துக்கு முதல் வந்து கொண்டுபோனவை, பெடியனை ஏசேல்ல, காயத்துக்கு மருந்து போட்டுக் காட்டுக்குள்ள விடுவம் எண்டவை.

பொறியில விழுந்த எலியைப் பற்றியும் சொல்லோணும். எங்க இருந்தாலும், என்ன பாம்பு எண்டாலும், வயல் எலி வீட்டு எலியைப் பிடிச்சுக் குடுக்கக்கூடாது. புழு பூச்சி ஒரு பக்கம். மருந்து இன்னொரு பக்கம், கடையில வாற கனக்க எலி மருந்து இரத்தம் உறையாமப் பண்ணுறது, எலி உடன சாகாது, மூண்டு நாலு நாளைக்குச் சோந்துபோய்ப் பட்டப்பகலில தள்ளாடித் திரியும், அதைத்தான் ஆந்தையும் பூனையும் லேசாப் பிடிக்கும், ஆந்தையள் அப்பிடிச் செத்திருக்குது. பாம்பு தாங்குமோ தாங்காதோ எண்டு சோதிச்சுப் பாக்கிற இடம் எங்கட பீப்பா இல்ல. எங்களுக்கும் ஆபத்து. எலி மூத்திரத்தால வாற எலிக்காய்ச்சல் 2008ல நாடு முழுக்க 7,000 பேருக்கு மேல வந்தது, 2024 மார்கழியில யாழ்ப்பாணத்தில ஆக்கள் செத்தவை. வயலுக்க இறங்க முதல் சுகாதாரப் பரிசோதகர் தாற டொக்சிசைக்கிளின் குளிசையைக் கனபேர் வாங்கி வீட்டில வைக்கினம், தயவுசெய்து அவை சொன்னபடி குடியுங்கோ, காலில காயத்தோட சேத்துக்க இறங்காதேங்கோ. அந்தப் பெடியன் அகழானை வெறுங்கையால வாலில பிடிச்சுத் தள்ளினவன், ரெண்டு கிழமைக்குக் காய்ச்சல் வருதோ எண்டு நான் தான் ஒவ்வொரு நாளும் போய்க் கேட்டுக்கொண்டு திரிஞ்சனான்.

பாம்பு எலி பிடிக்கிறதைப் பாக்க ஆசை எண்டா வரம்புக்கு வாங்கோ. காலபோகத்தில கதிர் பால் பிடிக்கிற நேரம் அகழான் வரம்பெல்லாம் துளைச்சு வளை போடும், வளையை வெட்டினா உள்ள கதிர் கதிராச் சேத்து வச்சிருக்கும். அங்க தான் சாரை வரும். போன தை எங்கட மேல்வரம்பில ஒரு சாரை, ஆறு அடிக்கு மேல, ஒரு வளைக்குள்ள தலையை விட்டுது, உடன வெளியில எடுத்துது, உள்ள பெரிய தாய் அகழான் நிண்டிருக்கோணும், சீறின சத்தம் எனக்கே கேட்டது. சாரை பேசாமல் விட்டிட்டு நாலு முழம் தள்ளி மற்ற வளைக்குப் போய் ஒரு குட்டியோட வந்தது. தன்ர தலைக்கு எது அளவு எண்டு அதுக்குத் தெரியுது. சாரைக்கு விசமும் இல்ல, வெங்கிணாந்தி மாதிரிச் சுத்தி இறுக்குறதும் இல்ல, தாடையால பிடிச்சு உடம்பால நிலத்தோட அமத்தித் தான் விழுங்கும். தயவுசெய்து அதை அடிக்காதேங்கோ. கோழிக்கூட்டைச் சுத்தி நைலோன் வலை கட்டுறாக்கள் ஒவ்வொரு நாளும் வலையைப் பாருங்கோ, நான் இந்த வருசம் மட்டும் மூண்டு சாரையை வலை வெட்டி எடுத்து விட்டனான், ஒண்டு தப்பேல்ல.

போன சனிக்கிழமை இரவு பத்துமணிக்கு மருமோன் வீடியோ கோல் எடுத்தவன், அங்க பின்னேரம். பெடியனையும் கூப்பிட்டு வச்சிருந்தன், அவனுக்கு ஒபீசில இருந்து சேதி வந்திருந்தது, குட்டியின்ர காயம் ஆறிக் காட்டுக்குள்ள விட்டாச்சு எண்டு, அதால முகம் தெளிஞ்சு இருந்தவன். வன்னியன் இப்ப 1,420 கிராம். போனில இடுக்கியும் எலியும் தெரிய, பெடியன் என்ர தோளுக்கு மேலால எட்டிப் பாத்துக் கேட்டான், "தம்பி, எலி எத்தினை கிராம்?"

"எண்பத்தஞ்சு."

பெடியன் விரல் விட்டுக் கணக்குப் பாத்தான். "ஆறு பங்கு" எண்டான், "காணும்."